மூன்றாவது நகல்



கொஞ்சம் நீளமான பதிவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு. டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டாலும் பழக்கம் போகவில்லை.

மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நான்காம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. காபி குடித்துக்கொண்டிருந்தவன் இரண்டு முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். "என்னப்பா, வீட்டிலிருந்தா?" என்றேன். "இல்லை டீச்சர், ராத்திரி ஓடின பேக்கப் ஜாப் எல்லாம் சரியா முடிஞ்சுதான்னு பார்க்கிறேன்" என்றான்.

அது என்ன என்று கேட்டேன். அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னான். நான் அவனுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது இருந்த பொறுமையைவிட அவனிடம் அதிகம் இருந்தது. கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தோன்றியது. இவன் புதிய தொழில் என்று நினைத்துச் சொல்கிற இதே காரியம் நம் காரைக்காலில் இருநூறு வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதனால் என் குடும்பத்துக்கே ஒரு நன்மையும் கிடைத்திருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவன் சொன்னதை நம் மொழியில் சொல்கிறேன்.

ஒரு பெரிய இரும்புப் பெட்டி, அதுதான் சர்வர். அந்த ஒரு பெட்டிக்குள் பத்து, இருபது கணினிகள் இருப்பது போல மென்பொருளால் ஏற்பாடு செய்துவிடலாம். நம் பழைய ஓட்டுக் கட்டடத்தில் ஒரே கூடத்தைத் தட்டி வைத்து நான்கு வகுப்புகளாகப் பிரித்திருந்தோமே, அது போல. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும். இதற்கு விர்ச்சுவல் மெஷின், மெய்நிகர் கணினி என்று பெயர். இதுவும் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் மையத்தில் 1960களிலேயே செய்து பார்த்து, 1972இல் விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். சாதாரணக் கணினிகளுக்கு இது வந்தது 1998இல் விஎம்வேர் நிறுவனம் தொடங்கிய பிறகு.

இதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த மெய்நிகர் கணினியின் வட்டு முழுவதும் உண்மையில் சில கோப்புகள்தான். அந்தக் கோப்புகளை நகலெடுத்துவிட்டால் முழுக் கணினியையே நகலெடுத்த மாதிரி. பெட்டி எரிந்து போனாலும் வேறு பெட்டியில் வைத்து எழுப்பிவிடலாம். இந்த நகலெடுப்பைத் தினமும் தானாக நடக்கும்படி எழுதி வைக்கும் கட்டளைதான் பேக்கப் ஜாப். அதில் ஐந்து விஷயங்களைச் சொல்ல வேண்டுமாம். எதை நகலெடுப்பது, எப்போது எடுப்பது, எங்கே வைப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, முடிந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரிவிப்பது.

இந்த ஐந்தையும் அவன் விரல் மடக்கிச் சொன்னபோது எனக்கு 1776 ஞாபகம் வந்தது.

நம் ஊர் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். புதுச்சேரி கவர்னர் துய்மா, தஞ்சை மராட்டிய அரசர் சாகுஜியிடம் பேசி வாங்கியது. அதன் பிறகு நிம்மதியாக இருந்தார்களா என்றால் இல்லை. 1760இல் ஆங்கிலேயர் காரைக்காலைப் பிடித்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. விழுந்ததோடு விடவில்லை, கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊரே போகும்போது காகிதம் என்ன ஆகும்? நிலம் யாருடையது, யார் யாருக்குக் கடன், யார் யாருடைய பிள்ளை, எல்லாமே காகிதத்தில்தானே இருக்கிறது.

போர் ஒரு பக்கம். கரையான், புழு, உப்புக்காற்று, ஐப்பசி மழை இன்னொரு பக்கம். அரசலாற்றுக் கரையில் வீடு உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீரோவில் வைத்த பத்திரமே பத்து வருடத்தில் பூத்துப்போகிறது.

இந்தத் தொல்லை காரைக்காலுக்கு மட்டும் இல்லை, பிரெஞ்சுக் குடியேற்றங்கள் எல்லாவற்றுக்கும் இருந்தது. அதனால் 1776 ஜூனில் மன்னர் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். அப்போது கடற்படை அமைச்சர் சார்த்தீன். குடியேற்ற நாடுகளின் பொது ஆவணங்களைக் காக்க வெர்சாய் நகரில் ஒரு சேமிப்பகம் தொடங்கினார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளை இனிமேல் மூன்று நகல்களாக எழுத வேண்டும். இரண்டு உள்ளூரில் இருக்கும். மூன்றாவது கப்பலேறி பிரான்சுக்குப் போக வேண்டும். நொத்தேர் எழுதும் பத்திரங்களுக்கும் நீதிமன்ற ஆவணங்களுக்கும்கூட இந்த ஏற்பாடு உண்டு.

யோசித்துப் பாருங்கள். எதை, எப்போது, எங்கே என்று எல்லாம் சொல்லியிருக்கிறது. ஆண்டு முடிந்ததும் அந்த ஆண்டின் பதிவேடு போகும். பழைய ஆண்டுகளைத் திரும்ப எழுதி அனுப்ப வேண்டியதில்லை. என் மாணவன் இதற்கு 'இன்க்ரிமென்டல்' என்கிறான். முதல் நாள் முழு நகல், அடுத்தடுத்த நாள் மாறியது மட்டும். முழுவதையும் தினமும் எடுத்தால் இடமும் போதாது, இரவும் போதாது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதுவரை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதம் கப்பல் போக வேண்டும். அந்தக் காலத்தில் மாறியதை மட்டும் அனுப்பு என்பது எவ்வளவு பெரிய புத்தி!

ஆணை வந்து இரண்டே வருடம். 1778 அக்டோபரில் புதுச்சேரி மறுபடி ஆங்கிலேயரிடம் விழுந்தது, காரைக்காலும் போனது. 1793இல் மறுபடியும் ஒரு முறை. கடைசியாக பிரெஞ்சுக்காரர் ஊரைத் திரும்பப் பெற்றது நெப்போலியன் வீழ்ச்சிக்குப் பிறகு, 1816, 1817 வாக்கில். அந்த ஆணையைப் போட்டவர் தேவையில்லாத பயத்தில் போடவில்லை என்பது தெரிகிறது.

இன்னொரு விஷயம். பிரெஞ்சுப் பதிவேடுகளை முன்கூட்டியே பக்க எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் அதிகாரி சுருக்கொப்பம் இட்டுத்தான் எழுதக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். ஆண்டுக் கடைசியில் 'இத்துடன் முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டு மூடுவார்கள். இதை என் மாணவனிடம் சொன்னதும் துள்ளினான். "டீச்சர், அதேதான்!" என்றான். கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதிய வரவுசெலவு நகலில் ஏறிவிடும். அதனால் நகலெடுக்கும் முன் ஒரு நொடி எழுத்தை நிறுத்தி, கையில் இருப்பதை எழுதி முடிக்கச் சொல்ல வேண்டும். எடுத்த நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று எண்ணால் சரிபார்க்கவும் வேண்டும். சுருக்கொப்பமும் முடிவுக் கையெழுத்தும் செய்த வேலையைத்தான் இன்று இந்தக் கட்டளைகள் செய்கின்றன.

இங்கே நம் அம்மையார் கதையையும் சொல்லிவிடுகிறேன், திருவிழா முடிந்த கையோடு. பரமதத்தன் கடையிலிருந்து அனுப்பியது இரண்டு மாம்பழம். ஒன்று சிவனடியாருக்குப் போனது. மற்றொன்றைக் கணவனுக்குப் படைத்தார். அவன் ருசியில் மயங்கி 'இன்னொன்றும் கொண்டு வா' என்றான். அம்மையார் உள்ளே போய் நின்று இறைவனை வேண்டினார், கனி கைக்கு வந்தது. பேக்கப் இல்லாத இடத்தில் கேட்டதும் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்! நமக்கெல்லாம் அந்தப் புண்ணியம் போதாது. இரண்டாவது பழத்தை நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள். அச்சான நூலுக்கு வேறு எங்காவது ஒரு படி இருக்கும். ஒரே படியாக இருந்த சுவடி? அது போனது போனதுதான். அந்தக் காயத்தின் நினைவோடு 2005இல் 'நூலகம்' என்ற இணையச் சேகரிப்பைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து ஏற்றி வருகிறார்கள். அவர்களும் மூன்றாவது நகல் எழுதுபவர்கள்தான்.

மாறாகப் பிழைத்த கதை நம் பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு. நகரம் விழுவதற்குச் சில நாள் முன் 1761 ஜனவரியில் அவர் இறந்துபோனார். குறிப்பேடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்பவர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். சில ஆண்டுகளில் அரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரியும் ஒரு படி எடுத்தார், அது பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. பின்னாளில் சென்னை அரசும் படி எடுக்கச் செய்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. நாம் இன்று அந்த மனிதரின் குரலைக் கேட்பது பெரிதும் படியெடுத்தவர்களின் புண்ணியத்தால்.

சரி, நகல் எடுத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு மாணவன் இரண்டு கதை சொன்னான்.

பிரான்சில் ஸ்திராஸ்பூர் நகரம். 2021 மார்ச் 10, நள்ளிரவு தாண்டிய நேரம். ஓவிஹெச் என்ற பெரிய நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்து போனது. ஆயிரக்கணக்கான இணையதளங்கள் நின்றன. பேக்கப் வைத்திருந்தவர்களில் சிலருக்கும் எல்லாம் போனது. ஏன்? நகலும் அதே வளாகத்தில்தான் இருந்தது. பதினாறாம் லூயியின் எழுத்தர் சொல்லியிருப்பார், மூன்றாவதைக் கப்பலில் ஏற்று என்று. அதே பிரான்சில் 245 வருடம் கழித்து மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது கதை கிட்லேப் என்ற நிறுவனத்தினுடையது. 2017 ஜனவரி 31. களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். பரவாயில்லை, பல வழியில் பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாக இல்லை. பேக்கப் தோல்வி என்று சொல்லும் மின்னஞ்சல்கள்கூட யாரையும் சென்று சேராமல் தடுக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காக எடுத்து வைத்த நகல்தான் கைகொடுத்தது. நடுவில் எழுதிய ஆறு மணி நேர விவரம் போயே போனது. அவர்கள் இதை ஒளிக்காமல் உலகத்துக்கே சொன்னார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

இதைச் சொல்லிவிட்டு அவன் கொஞ்சம் தலைகுனிந்து, தன் கதையையும் சொன்னான். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் அவன் வைத்த பேக்கப் ஜாப் மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. வட்டு நிரம்பிவிட்டதாம். தினமும் காலையில் மின்னஞ்சல் வந்தது. தினமும் வருவதால் படிக்காமலே ஒதுக்கினான். ஒரு நாள் எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தது. மூன்று வாரக் கணக்கை நான்கு பேர் ராத்திரி பகலாக ரசீதுகளைப் பார்த்துத் திரும்ப எழுதினார்கள். "அதுல ஒரு அம்மா பிரசவத்துக்கு லீவுல போக இருந்தவங்க டீச்சர். எனக்காக ஒரு வாரம் தள்ளிப் போட்டாங்க" என்றான். அதனால்தான் காபி ஆறினாலும் பரவாயில்லை என்று கைப்பேசியைப் பார்க்கிறான். நான் இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன்.

அவன் சொன்ன இன்னொரு எச்சரிக்கை. 'ஸ்னாப்ஷாட்' என்று ஒன்று உண்டு. மெய்நிகர் கணினி இந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அதை அடையாளம் வைத்துக்கொள்வது. அதைப் பேக்கப் என்று பலர் நம்பிவிடுகிறார்களாம். அது அதே வட்டில் இருப்பது. நோட்டுப் புத்தகத்தில் மயிலிறகு வைத்த மாதிரி. நோட்டே தொலைந்தால் மயிலிறகும் தொலைந்தது.

அவர்கள் தொழிலில் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்களாம். மூன்று நகல், இரண்டு வகைப் பொருளில், ஒன்று வெளியூரில். பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2000களில் பரப்பிய கணக்கு அது. 1776 ஆணையில் மூன்றும் உண்டு, ஒன்றும் உண்டு. இரண்டு மட்டும் இல்லை, எல்லாமே காகிதம். அந்தக் குறையும் பின்னாளில் தீர்ந்தது. வெர்சாய் சேமிப்பகத்து ஆவணங்கள் இன்று தெற்கு பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறு வருடம் கடந்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

இனி என் வீட்டுக் கதை.

உறவுகளுக்குத் தெரியும், என் பெரியம்மா மகன் பிரான்சில் இருக்கிறார். 1962 ஆகஸ்ட் 16இல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். நம் ஊரில் சொல்தா குடும்பங்கள் பலவும் அப்படித்தான். அண்ணனுக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு தேவை வந்தது. மூன்று தலைமுறைப் பிறப்பைச் சங்கிலி போலக் காட்ட வேண்டும். எங்கள் தாத்தா பிறந்தது 1896. இங்கே விசாரித்தோம். அந்த ஆண்டின் தாள்கள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டி நைந்துபோயிருந்தன. யாரையும் குறை சொல்லவில்லை, எத்தனை மழை பார்த்த காகிதம்! ஆனால் 'பதிவு கிடைக்கவில்லை' என்ற இரண்டு சொல்லால் தாத்தா பிறக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. பெரியம்மா அதைக் கேட்டு, "எங்கப்பா இல்லாமலா நான் வந்தேன்?" என்று சிரித்தார். சிரித்தாலும் அவருக்கு அது உறுத்தியது என்று எனக்குத் தெரியும்.

எக்ஸ் காப்பகத்தின் இணையப் பக்கங்களை அண்ணன் மகள் இரண்டு வாரம் தேடினாள். அட்டவணையில் தாத்தா பெயர் இல்லை. பிரெஞ்சு எழுத்தர் காதால் கேட்ட தமிழ்ப் பெயரைத் தன் எழுத்தில் எழுதியிருப்பார் அல்லவா, பெயர் அடையாளமே தெரியாமல் இருந்திருக்கிறது. அட்டவணையை விட்டுவிட்டு, 1896ஆம் ஆண்டு முழுவதையும் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் படமாக அனுப்பினாள். தாத்தாவின் பெயர், பூட்டனின் பெயர், தொழில், தெரு. கரையான் தொடாத பழுப்பு மசி. காரைக்காலில் எழுதி, கடலைத் தாண்டி, இரண்டு உலகப் போர்களைத் தாண்டி, என் கைப்பேசிக்கு வந்திருந்தது.

பெரியம்மா அதைப் பார்க்கவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்பு போய்விட்டார். நகல் இருந்தால் போதாது, வேண்டிய நேரத்தில் தேடி எடுக்க முடிய வேண்டும் என்று என் மாணவன் சொன்னபோது எனக்குப் பெரியம்மா முகம்தான் தெரிந்தது. மாதம் ஒரு முறை ஒரு நகலை எடுத்து வேறு பெட்டியில் எழுப்பிப் பார்க்கிறானாம். எழுப்பிப் பார்க்காத நகல் நகலே இல்லை என்கிறான்.

நானும் ஒரு காலத்தில் மூன்றாவது நகலாக இருந்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களில் ரேஷன் கார்டு இல்லை, சான்றிதழ் இல்லை, பிறந்த தேதிக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அலை எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் பள்ளி உள்ளே தள்ளி இருந்ததால் சேர்க்கைப் பதிவேடு நனையவில்லை. அதைத் திறந்து வைத்து, பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி என்று எழுதி எழுதிக் கொடுத்தோம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயும் வந்தார். "அவன் பேரு இருக்கான்னு மட்டும் பாருங்க டீச்சர்" என்றார். இருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதிவேடு என்றால் வெறும் காகிதம் என்று அதற்குப் பிறகு நான் நினைத்ததில்லை.

வீட்டுப்பாடம் இதுதான். உங்கள் பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரம், பெரியவர்களின் பழைய புகைப்படங்கள், எல்லாவற்றுக்கும் மூன்று படி வையுங்கள். ஒன்று காகிதமாக, ஒன்று கணினியில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ. கைப்பேசியில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், அது மயிலிறகு. கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகள், காலையில் வரும் அந்த மின்னஞ்சலைப் படியுங்கள். படித்துவிட்டு மாதம் ஒரு நாள் நகலை எழுப்பியும் பாருங்கள்.

வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால், அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் காகிதம் ஏதாவது உண்டா என்று இந்த வாரமே கேளுங்கள். அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

செய்தவர்கள் கீழே எழுதுங்கள். திருத்திப் பார்க்க நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்கால்